காளவாசல் சாவி

எங்கள் தெருவின் பின்பக்கம், ஓடைக்கரையில், மூன்று காளவாசல்கள் இருக்கின்றன. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற சூளைக்கு எங்கள் பக்கம் காளவாசல் என்றுதான் பெயர். முப்பத்தைந்து வருடமாக அவற்றுக்குள் சீமைக் கருவேலம் முளைத்தது, நாய் குட்டி போட்டது, தெருவில் உடைந்த கட்டிலும் ஓட்டை வாளியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. ஏனென்று கேட்க ஆளில்லை. திடீரென்று ஒரு நாள் அரசாங்கம் அவற்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று சொல்லி, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, நீலப் பலகை நட்டு, வேலிக்கு ஒரு கதவு வைத்து, கதவுக்கு ஒரு பூட்டும் போட்டது. பூட்டு இருந்தால் சாவி இருக்கும். சாவியை யாராவது ஒருத்தர் வைத்துக்கொள்ள வேண்டும்.

தெருவில் ஒருத்தரிடம் சாவியைக் கொடுப்போம் என்று தொல்லியல் துறையிலிருந்து சொன்னார்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, இது இன்னது, அது இன்னது என்று சொல்ல வேண்டும். அந்தச் சாவி என்னிடம் வர வேண்டும் என்று நான் நினைத்தேன். கிரேசியிடம் போய்விடக் கூடாது என்று அதைவிட அதிகமாக நினைத்தேன்.

என் பெயர் ஆக்னஸ். வயது ஐம்பத்தெட்டு. பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, மூன்றாவது காளவாசலில் சிப்பிக் கூடை சுமக்கப் போனவள். பத்து வருடம் சுமந்தேன். சிமெண்ட் வந்து, கடலில் கல்லும் சிப்பியும் அள்ளக் கெடுபிடி வந்து, தீ அணைந்த அன்றும் என் தலையில் சும்மாடு இருந்தது. என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தால் இன்றைக்கும் தேங்காய்த் துருவி மாதிரி இருக்கும். கல்யாணத்தில் மோதிரம் போடும்போது என் வீட்டுக்காரர் செல்வின் அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனிதர். ஆனால் அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை.

கிரேசி என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் அப்பாவுக்கு இரண்டு வள்ளங்கள் இருந்தன. சிப்பி ஏற்றிக்கொண்டு கடலிலிருந்து ஓடைக்குள் வந்து, காளவாசல் படிக்கட்டில் கட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கே வந்துவிடுவாள். ரெட்டைச் சடை, நீல ரிப்பன், வெள்ளைக் காலுறை. சுண்ணாம்புக் காளவாசலுக்கு யாராவது வெள்ளைக் காலுறை போட்டு வருவார்களா? அவள் வந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு நாங்கள் சுமப்பதை வேடிக்கை பார்த்தாள். அவள் தலையில் ஒரு நாள்கூட ஒரு கூடை ஏறியதில்லை.

அதைக்கூட மன்னித்துவிடலாம். அங்கேயே வேலை பார்த்த என் அம்மா அவளிடம் சிரித்துப் பேசுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் அம்மா பேசியதெல்லாம் 'தூக்கு', 'இறக்கு', 'சீக்கிரம் வா' என்ற மூன்று வார்த்தைகள். கிரேசி வந்தால் முக்காட்டை விலக்கி, வியர்வையைத் துடைத்து, ஏளா படிச்ச புள்ள, இன்னைக்கு என்ன பாடம் என்று கேட்பாள். நான் கூடையோடு குறுக்கே போவேன். அம்மாவின் கண் என் மேல் படும். என் கூடை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

பிறகு கிரேசி டீச்சரானாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். முன்கூட்டியே ரிட்டயர்மெண்ட் வாங்கிக்கொண்டு இப்போது தனியாக இருக்கிறாள், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. அவள் வீட்டு முருங்கை என் வீட்டு முருங்கையைவிட அதிகம் காய்க்கும். கோவிலில் வாசகம் வாசிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவள் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். எனக்குப் புருஷன் இருக்கிறார், துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிற மகன் ஜாக்சன் இருக்கிறான், கட்டிக்கொடுத்த மகள் ஸ்டெபி இருக்கிறாள். இருந்தும் அந்த முருங்கையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

துறையிலிருந்து உமாராணி என்று ஒரு அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், மதுரைப் பக்கம். காளவாசலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து நான் கொல்லைப்புறத்தில் சாளை கழுவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். குளித்து, நல்ல சேலை கட்டி, தலை வாரி வெளியே வருவதற்குள் கிரேசி அவருக்குக் காபி கொடுத்து, காளவாசலுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். உமாராணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நாங்க இங்கனதான் சிப்பிய இறக்குவோம். இங்கேருந்துதான் தலைச்சுமையா மேல ஏத்துவோம்" என்று கிரேசி சொன்னாள்.

நாங்களாம். நான் முன்னால் போய், நான்தான் சுமந்தவள், இவள் வேடிக்கை பார்த்தவள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. வாய் கோணிக்கொண்டு நின்றேன். கிரேசி என்னைப் பார்த்ததும், மேடம், இவங்கதான் ஆக்னஸ் அக்கா, இவங்களுக்கு எல்லாம் தெரியும் என்றாள். உமாராணி கும்பிட்டுவிட்டு, சொல்லுங்கம்மா என்றார். சுமந்தேன் என்றேன். அவ்வளவுதான் வந்தது. பேனா ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பவும் கிரேசியிடம் போய்விட்டது.

அதற்கப்புறம் யாரோ ஒரு பையன் அவளை வீடியோ எடுத்துப் போட்டான். ஊரே பார்த்தது. செல்வின் கூடத்தில் உட்கார்ந்து போனில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நல்லாத்தானளா பேசுதா" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

முதல் காளவாசலின் வெளிப்பூச்சு அங்கங்கே உதிர்ந்து உள்கல் தெரிந்தது. சிமெண்ட் தொடக்கூடாது, பழைய முறையில் சிப்பிச் சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்று துறையில் முடிவு செய்தார்கள். கடையில் வாங்குவதற்குப் பதில், நன்றாக இருக்கிற மூன்றாவது காளவாசலிலேயே ஒரு தடவை தீ போட்டு, அந்தச் சுண்ணாம்பைக்கொண்டே பூசினால் என்ன என்று உமாராணிக்கு யோசனை வந்தது. புன்னைக்காயல் பக்கமிருந்து மட்டிச் சிப்பி, விளாத்திகுளத்துக் கரி, எல்லாம் வந்து இறங்கின. பொறுப்பு கிரேசிக்கு. வேலையை நல்லபடியாக முடித்துக் கொடுக்கிறவரிடமே சாவியையும் கொடுத்துவிடலாம் என்று உமாராணி சொன்னதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கிரேசி என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் வேறு.

"சிப்பி அடுக்குற அன்னைக்கு நீ வந்து மேட்டுல நில்லுக்கா. அது போதும் எனக்கு" என்றாள்.

காளவாசலில் ஒரு முறை உண்டு. கரி ஒரு அடுக்கு, சிப்பி ஒரு அடுக்கு என்று வாய்வரை நிரப்பும்போது, பக்கத்து மண்மேட்டில் ஒருத்தி நிற்பாள். எல்லாக் கூடையும் அவள் கண் முன்னால்தான் மேலே ஏற வேண்டும். எல்லார் வாயும் துணியால் கட்டியிருக்கும். அந்தத் தூசியில் வாயைத் திறந்தால் நாக்கு வெந்துபோகும். அதனால் மேட்டில் நிற்கிறவள் சரி என்று சொல்ல மாட்டாள், தலையும் ஆட்ட மாட்டாள். தப்பென்று பட்டால் மட்டும் 'நில்லு' என்பாள். அந்தச் சொல் வராதவரைக்கும் சுமக்கிறவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். நான் சுமந்த பத்து வருடமும் அந்த மேட்டில் நின்றது என் அம்மா. இது கிரேசிக்கும் தெரியும். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவள்தானே.

ஆனால் அன்றைக்கு எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. அவள் வேலை செய்வாள், பேட்டி கொடுப்பாள், நான் மண்மேட்டில் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்க வேண்டும், அதற்கு முருங்கைக்காய் கூலி என்றுதான் பட்டது. வருகிறேன் என்றேன். அவள் போனதும் முருங்கைக்காயை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஓடைக்கரையில் திருவிழாக் கூட்டம். இரண்டு டிவிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வார்டு கவுன்சிலர். கிரேசி வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கல்லூரிப் பிள்ளைகளைப் படிக்கட்டில் வரிசையாக நிற்க வைத்து, கூடையோடு சிப்பியை ஓடைத் தண்ணீரில் முக்கி அலசச் சொன்னாள். சேறு கரைந்து ஓடியது. சிப்பி வெயிலில் மினுமினு என்றது. கேமராக்காரர்கள் முட்டிபோட்டு எடுத்தார்கள். இரண்டு நாள் காயப்போட்டுவிட்டு மூன்றாம் நாள் அடுக்கினார்கள். நான் மேட்டில் ஏறி நின்றேன். முதல் கூடை என்னைத் தாண்டி மேலே போக வந்தது.

சிப்பிக்கு இரண்டு கழுவல் உண்டு. முதல் கழுவல் ஓடைத் தண்ணீரில், சேறும் பாசியும் போவதற்கு. இரண்டாவது நல்ல தண்ணீரில், உப்புப் போவதற்கு. எங்கள் ஊரில் குடிக்கவே நல்ல தண்ணீர் கிடையாத நாளிலும், குடம் குடமாகக் கொண்டுவந்து காளவாசலுக்குப் பின்னால் தொட்டியில் ஊற்றி, சிப்பியை மறுபடி அலசித்தான் சுடுவோம். இல்லாவிட்டால் அந்த உப்பு சுண்ணாம்போடு சேர்ந்து சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மழையில் நனைந்து வெயிலில் காயும்போது வெள்ளையாகப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். கிரேசி உட்கார்ந்திருந்தது ஓடைப் படிக்கட்டில். அங்கிருந்து பார்த்தால் தொட்டி தெரியாது, காளவாசல் மறைக்கும். சின்ன வயதில் அவள் பார்த்ததெல்லாம் முதல் கழுவலை மட்டும்தான். அப்படியொரு இரண்டாவது கழுவல் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

முதல் கூடையில் சிப்பியின் விளிம்பெல்லாம் உப்பு காய்ந்து பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. 'நில்லு' நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

நான் சொல்லவில்லை.

இதற்கு நான் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். அவள் நிற்கத்தானே சொன்னாள், பேசச் சொல்லவில்லையே என்று. வாயில் துணி கட்டியிருந்ததே என்று. எல்லாம் பொய். அவள் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் அவள் முகத்தில் கரி பூச வேண்டும், அதற்கு நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா நின்றாலே போதும் என்று நினைத்தேன். இரண்டாவது கூடை போனது. பத்தாவது போனது. கூடை வைக்கிற ஒவ்வொரு தடவையும் கிரேசி என் பக்கம் ஒரு கண் பார்த்தாள். பார்த்துவிட்டுத் துணிக்கு மேலே கண்ணால் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க என் வாய் இன்னும் இறுகியது.

தீ நன்றாகப் பிடித்தது. சுட்ட சிப்பியில் தண்ணீர் தெளித்ததும் புஸ்ஸென்று பொங்கி மாவாக உதிர்ந்தது. பார்க்க மல்லிகைப்பூ மாதிரி இருந்தது சுண்ணாம்பு. எல்லாரும் கை தட்டினார்கள். உமாராணி அங்கேயே, டிவிக்காரர்கள் முன்னால், சாவியைக் கிரேசியின் கையில் கொடுத்தார். பித்தளைச் சாவி, சிவப்பு நாடா கட்டியது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நற்கருணை வாங்குகிற மாதிரி. நான் வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

பூச்சு வேலைக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அய்யாக்குட்டி என்று ஒரு கொத்தனார் வந்தார். கோயில் வேலை பார்த்துப் பழகியவர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, பெற்ற பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்ப்பார். ஒரு இடத்தில் கரண்டித் தடம் தெரிந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார். மதியம் குடிக்கத் தண்ணீர் கேட்டு என் வீட்டுக்குத்தான் வருவார். நான் மோர் கொடுப்பேன். சுண்ணாம்பு எப்படி இருக்கு அண்ணாச்சி என்று ஒரு நாள் கேட்டேன். நல்ல வெள்ளை, காளவாசல்காரங்க சுட்டதாச்சே, நான் என்னத்தச் சொல்ல என்றார். மோர்ச் செம்பை வாங்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. அப்போது சொல்லியிருந்தால்கூடப் பாதிச் சுவர் தப்பியிருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை முழுக்கப் பெய்தது. மார்கழியில் வெயில் அடித்ததும் நான் தினமும் காலையில் வேலிக்கு வெளியே நின்று சுவரைப் பார்த்தேன். முதலில் அடிப்பக்கத்தில், தலையில் பொடுகு மாதிரி, லேசாக வெள்ளை பூத்தது. ஒரு வாரத்தில் இடுப்பளவு ஏறியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது தித்தித்தது. கிரேசி உள்ளே நின்று துணியால் துடைத்துக்கொண்டிருப்பாள். துடைத்த இடத்தில் மறுநாள் திரும்பப் பூக்கும். என்னைப் பார்த்தால், "பனியில பூக்குதுபோல, இல்லாக்கா" என்பாள். இருக்கும் என்பேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பூச்சு விழுந்தது. புதுப் பூச்சு மட்டும் விழுந்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அது தனக்குக் கீழே இருந்த பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. யார் பூசினார்கள் என்று தெரியாத, நூற்றைம்பது வருடம் என்று உமாராணி சொன்ன பூச்சு. எத்தனை மழை பார்த்தும் முழுசாக உதிராமல் நின்றது, ஓடைப் பக்கம் ஆள் உயரத்துக்கு, பாய் பாயாகத் தரையில் கிடந்தது. உள்ளே இருந்த கல் சிவந்து, தோல் உரிந்த முழங்கால் மாதிரி தெரிந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிரேசியின் முகத்தில்தான் கரி பூச நினைத்தேன். காளவாசல் இப்படிப் போகும் என்று நினைக்கவில்லை.

இரண்டாம் நாள் உமாராணி வந்தார். அய்யாக்குட்டியையும் வரச் சொல்லியிருந்தார். தெருவே வேலிக்கு வெளியே கூடிவிட்டது. கிரேசி என்னையும் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள். உமாராணி கீழே கிடந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது. உப்பு என்றார். பிறகு அய்யாக்குட்டியைப் பார்த்து, எந்த மணல் போட்டீங்க, எந்தத் தண்ணியில குழைச்சீங்க என்று கேட்டார். ஆற்று மணல், லாரித் தண்ணீர் என்று அவர் சொன்னார். லாரி வராத நாளில் உப்புப் போர்வெல் தண்ணீர் எடுக்கவில்லையா என்று கேட்டார் உமாராணி. சத்தியமாக இல்லை என்றார் அவர். பொய் சொன்னால் இனிமேல் எங்கேயும் பழைய கட்டட வேலை தர மாட்டோம், பெயரை எழுதிவிடுவேன் என்றார் உமாராணி. அய்யாக்குட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும் அவருக்கு.

கிரேசி முன்னால் வந்தாள். தன்னை விட்டுவிட்டுக் கொத்தனாரைப் பிடித்தார்களே என்று அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் எங்கே அப்படிப்பட்டவள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். பொறுப்பு என்னுது. தப்பு என்மேலதான் இருக்கணும்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா சிப்பியில தப்பு இருக்காது. அன்னைக்கு ஆக்னஸ் அக்கா மேட்டுல நின்னா. தப்புன்னா நில்லுன்னு சொல்லியிருப்பா. அவ அம்மா நின்ன இடம் அது. அந்த இடத்துல நின்னு அவ பொய் பண்ண மாட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னை அங்கே நிற்க வைத்தது வேடிக்கைக்கு இல்லை. அவளுக்கு வேலை தெரியாது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் முருங்கைக்காயோடு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒவ்வொரு கூடைக்கும் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நான் வாய் திறக்காததைச் சரி என்று எடுத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

உமாராணி என்னைப் பார்த்தார். அய்யாக்குட்டியும் பார்த்தார். ஆமாம், சிப்பி சரியாகத்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி முழுக்க அந்தக் கிழவர் தலையில் இறங்கிவிடும். என் மரியாதை போகாது. கிரேசியும் என்னைக் கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பாள்.

"அண்ணாச்சி மேல தப்பில்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "சிப்பிய நல்ல தண்ணியில ரெண்டாவது தடவ கழுவணும். கழுவல. உப்பு ஒட்டியிருந்ததப் பாத்தேன். பாத்துட்டு சும்மா நின்னேன்."

வேலிக்கு வெளியே சலசலப்பு எழுந்தது. செல்வினும் அங்கேதான் நின்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டது தெரிந்தது. தெரிந்துமா சொல்லவில்லை என்று உமாராணி கேட்டார். ஆமாம் என்றேன். இது யார் சொத்து என்று நினைத்தீர்கள் என்று கேட்டார். அவர் கோபமாக நிறையச் சொன்னார். எல்லாம் எனக்குச் சொல்ல வேண்டியதுதான். அய்யாக்குட்டி போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். என் வீட்டில் இனிமேல் அவர் மோர் குடிக்க மாட்டார்.

கிரேசி மட்டும் என் பக்கத்தில் நின்றாள். "ஏங்க்கா?" என்றாள்.

"பொறாமைளா" என்றேன்.

"என்கிட்ட என்னக்கா இருக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். தனி வீடு, ஒரு முருங்கை, ஒரு சாவி. இந்த மூன்றையும் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. என் அம்மா உன்னிடம் சிரித்தாள் என்று ஐம்பத்தெட்டு வயதில் எப்படிச் சொல்வது?

உமாராணி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மிச்சம் இருக்கிற பூச்சையாவது காப்பாற்ற வேண்டும், உப்பை வெளியே இழுக்க வேண்டும், மறுபடி சிப்பி சுட வேண்டும் என்றார். அந்த இரண்டாவது கழுவல் தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். யாரும் இல்லை என்றேன். கூடச் சுமந்தவர்கள் எல்லாம் செத்துப்போனார்கள், இல்லை மகன் வீட்டோடு ஊர் மாறிப் போனார்கள்.

"அப்ப உங்களைத்தான் வச்சு செய்யணும். வேற வழி இல்ல" என்றார். பிறகு கிரேசியிடம், "டீச்சர், சாவியை இவங்ககிட்ட குடுத்திருங்க. தினமும் வந்து பார்க்கணும்" என்றார்.

கிரேசி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, சிவப்பு நாடாவோடு என் உள்ளங்கையில் வைத்தாள். விரலை மடக்கியும் விட்டாள். உமாராணி ஜீப்பில் ஏறிப் போனார். தெரு கலைந்தது. செல்வின் எனக்காக நிற்காமல் முன்னால் நடந்துவிட்டார்.

கதவைப் பூட்ட வேண்டுமே என்று திரும்பிப் பார்த்தேன். கிரேசி இன்னும் உள்ளேயே இருந்தாள். சுவரடியில் குந்தி உட்கார்ந்து, கீழே கிடந்த பழைய பூச்சை ஒவ்வொரு துண்டாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. சத்தம் போடாமல் அழத் தெரியாமல் சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். வாங்கின பாராட்டுக்கோ, போன சாவிக்கோ, நான் செய்த துரோகத்துக்கோ அவள் அழவில்லை. அந்தச் சுவருக்காக அழுதாள்.

பத்து வருடம் சுமந்தவள் நான். தீ அணைந்த அன்றைக்கு, அப்பாடா, தலை தப்பித்தது என்று வீட்டுக்குப் போய்க் குளித்தவளும் நான்தான். காளவாசலுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் என்றைக்கும் எனக்கு வந்ததில்லை. இப்போதும் வரவில்லை. கதவருகில் சாவியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுவதைப் பார்த்தேன். அந்த அழுகைமேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.